பட்டு ஒட்டுப் போட்ட கார்

இரும்பு என்று நாம் நம்பிக்கொண்டிருப்பது, துரு இன்னும் வந்து சேராத இடம். அவ்வளவுதான். இந்த ஒரு வரியைக் கற்றுக்கொள்வதற்கு நான் ஒரு நல்ல சட்டையையும், ஒரு காரையும், கிட்டத்தட்ட என் தங்கையின் கல்யாணத்தையும் செலவழிக்க வேண்டியிருந்தது. மற்றவர்கள் இதைப் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கற்றுக்கொள்கிறார்கள்.

எண்பதுகளின் தொடக்கம். ஆரணியில் எங்கள் அப்பாவுக்குப் பட்டுப் புடவை வியாபாரம். வியாபாரம் என்றதும் கடை, கல்லாப்பெட்டி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நெடுக்கிழையான பாவும், குறுக்கிழையான ஊடையும், ஜரிகையும் வாங்கி, சுற்றுப்பட்டு ஊர்களில் வீட்டில் தறி வைத்திருப்பவர்களிடம் கொடுப்பார். அவர்கள் நெய்து தரும் புடவையை வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புவார். நெய்கிறவர்கள் எல்லாரும் அவரை ‘மொதலாளி’ என்பார்கள். (வீட்டுக்குள் அந்த மரியாதை செல்லுபடி ஆகாது.)

இந்த முதலாளி ஒருநாள் வந்தவாசிப் பக்கத்து டாக்டர் ஒருவரிடமிருந்து பழைய கார் ஒன்றை வாங்கி வந்தார். டாக்டர் ஏன் விற்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. பிழைக்குமா பிழைக்காதா என்பது அவருக்குத்தானே முதலில் தெரியும்? வெள்ளை நிறம், வெளியே ஒரு கீறல் கிடையாது. அப்பா அதை எங்கள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, தான் எதிர்வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டு பார்ப்பார். அங்கிருந்து பார்த்தால்தான் தனக்குக் கார் இருப்பது அவருக்கே நன்றாகத் தெரிந்தது.

முதல் மழைக்குக் கார் தன் குணத்தைக் காட்டியது. நான் ஓட்ட, பின்சீட்டில் உட்கார்ந்துவந்த அப்பா இறங்கும்போது வேட்டியை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு இறங்கினார். “இன்னாடா இது, ஏரில எறங்கின மாதிரி கீது!” என்றார். நான் கீழே விரித்திருந்த தேங்காய்நார் மிதியடியைத் தூக்கிப் பார்த்தேன். மிதியடிக்குக் கீழே லினோலியம் விரிப்பு. லினோலியத்துக்குக் கீழே செய்தித்தாள். செய்தித்தாளுக்குக் கீழே ஆரணி.

டிங்கரிங் காதர் பாயைக் கூட்டிவந்தோம். காரின் நசுங்கல், ஓட்டை எல்லாம் சரிசெய்வதில் ஊரிலேயே பெரிய ஆள், அவரே சொன்னபடி. குனிந்து உள்ளே பார்த்தார். சுத்தியலின் கைப்பிடியால் மெதுவாகத் தட்டினார். தட்டிய இடம் கீழே விழுந்தது.

“இத்துப் போச்சு மொதலாளி.”

“வெல்டிங் வெச்சுடேன்” என்றார் அப்பா.

“எதுல வெக்கிறது? வெல்டிங் பிடிக்கறதுக்கு நல்ல தகரம் வேணுமில்ல? இதுல பத்த வெச்சா பக்கத்துல இருக்கறதும் சேர்ந்து கொட்டிப்பூடும். அடித்தகட்டையே அறுத்துப் போட்டு புதுசு வெக்கணும்.”

“எத்தினி நாள் ஆவும்?”

“ஜல்தியா முடிச்சிடலாம். நாளைக்குக் காத்தால வர்றேன்.”

காதர் பாயின் நாளை என்பது நம் நாளை அல்ல. அது வேறு ஒரு பஞ்சாங்கத்தைச் சேர்ந்தது. நான் தினமும் காலையில் அவர் ஷெட்டுக்குப் போவேன். அவர் ஏதாவது ஒரு லாரிக்கு அடியில் படுத்திருப்பார். நான் பேசுவது அவருடைய பாதங்களிடம்தான். பாதங்கள் ரொம்ப மரியாதையாகப் பதில் சொல்லும். “நேத்தே வந்திருப்பேன் சார், இந்த லாரிக்காரன் ஒரே பேஜார் பண்றான். நாளைக்கு உங்க வேலைதான், வேற கையே வெக்கமாட்டேன்.” மறுநாளும் அதே பாதங்கள், வேறு லாரி.

இந்த நேரம் பார்த்துத்தான் என் தங்கை வசந்தாவுக்குச் சம்பந்தம் கூடிவந்தது.

பையன் முள்ளிப்பட்டு. போளூரில் பாங்க் உத்தியோகம். வசந்தாவும் அவரும் ஒரே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அடுத்தடுத்த மிஷினில் உட்கார்ந்து பழகியவர்கள். (இருவரும் பரீட்சையில் தேறவில்லை. காரணம் எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது.) இரண்டு வீடும் ஒரே ஜனம், ஜாதகமும் சரி. சிக்கல் பையனின் அம்மா ராஜாமணியம்மாளிடம் இருந்தது. ஒரு காலத்தில் அவர் எங்கள் அப்பாவிடம் பாவு வாங்கி நெய்துகொடுத்தவர். ஏதோ கோபத்தில், உங்கள் பாவே வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டு வேறு இடத்துக்கு நெய்யப் போனவர். என்ன கோபம் என்று அப்பாவைக் கேட்டால் சட்டைப்பையில் எதையோ தேட ஆரம்பித்துவிடுவார்.

அந்தம்மாள் இந்தச் சம்பந்தத்துக்கு உடனே தலையாட்டவில்லை. பிள்ளை நச்சரித்த பிறகு, “வந்து பாக்குறேன். மனசுக்குப் பட்டா தட்டு மாத்திக்கலாம், இல்லனா காப்பி குடிச்சிட்டு வந்துட்றேன்” என்று மட்டும் சொல்லி அனுப்பினார். பஸ் புகை ஆகாது, ஏறமாட்டார். உடனே அப்பா வாக்குக் கொடுத்தார்: “நம்ம கார அனுப்பறேன்.”

எந்தக் கார்? தரையில்லாத கார்.

வசந்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “அண்ணா, அந்தம்மா வர்றேன்னு சொன்னதே பெரிசு. இது கெட்டுதுன்னா நான் வேற யாரையும் கட்டிக்க மாட்டேன், பாத்துக்க. போய்க் கூட்டிகினு வா. வழியில எதப் பத்தியும் விளக்கம் குடுக்காத.”

கடைசி வாக்கியம் அநியாயம். நான் அப்போது எம்.ஏ. படித்துவிட்டு, அப்பாவின் கணக்கைத் தப்பும் தவறுமாக எழுதிக்கொண்டு, மீதி நேரத்தைக் கிளை நூலகத்தில் கழித்துவந்தேன். உலகத்தில் எதைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேசக்கூடியவன். எதையும் கையால் செய்து பார்த்ததில்லை. அந்த வயதில் இது அறிவு என்றே நினைத்திருந்தேன்.

நூலகத்தில் யாரோ தானம் கொடுத்த பழைய வெளிநாட்டுப் பத்திரிகைக் கட்டு ஒன்று இருந்தது. அதில், காரில் துருப்பிடித்த ஓட்டைகளை வீட்டிலேயே அடைப்பது எப்படி என்று படங்களோடு ஒரு கட்டுரை. துருவைச் சுரண்டு, பளபளக்கும் இரும்பு தெரியும்வரை தேய். பிறகு கண்ணாடி நாரால் நெய்த துணியை ஓட்டையின் மேல் விரித்து, ரெசின் என்ற பசையைப் பூசு. காய்ந்தால் இரும்பைவிட உறுதி. மேலே பெயிண்ட். கடைசிப் படத்தில் ஒரு வெள்ளைக்காரர் புகைக்குழாயுடன் புன்னகைத்துக்கொண்டிருந்தார். அந்தப் புன்னகையில்தான் நான் விழுந்தேன்.

இரும்புக் கடையில் போய்க் கண்ணாடி நார்த் துணி கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “கண்ணாடிலயா? அத்தக் கட்டிகினா கிழிக்காதா?” என்றார். ரெசின் என்றதற்கு மரம் ஒட்டுகிற வஜ்ஜிரம் இருக்கிறது, வேண்டுமா என்றார்.

சாதாரண ஆள் இந்த இடத்தில் விட்டிருப்பான். நான் சிந்தித்தேன். வெள்ளைக்காரன் ஏன் கண்ணாடி நாரைத் தேடிப் போனான்? அவன் ஊரில் பட்டு இல்லை. நாரில் உறுதியானது எது? பட்டு. அது எங்கே இருக்கிறது? எங்கள் வீட்டு பீரோவில். கண்ணாடியை இழையாக்கி நெய்து அவன் அவதிப்படும்போது, இங்கே ஆரணியில் தெருவெல்லாம் நெய்துகொண்டிருக்கிறார்களே! சந்தோஷத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ரெசினுக்குப் பதில் மைதாப் பசை. சினிமா போஸ்டரை மழையிலும் சுவரில் பிடித்து வைத்திருப்பது அதுதான். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி, எலி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். நானும் தாராளமாகப் போட்டேன். பசை அழகான நீலத்தில் வந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டு, அது கரைந்து செம்பு படிவதை நானே பார்த்திருக்கிறேன். படம் வரைந்து பாகங்களைக் குறித்து முழு மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அது ஆணி, இது கார். இரண்டும் வேறு வேறு பாடம் என்று என் மூளை பிரித்து வைத்திருந்தது.

அப்பா வசூலுக்காக வெளியூர் போன ஒரு பகலில் வேலையைத் தொடங்கினேன். முதல் கட்டளை: பளபளக்கும் இரும்பு தெரியும்வரை தேய். உப்புத்தாளால் தேய்த்தேன். துரு போனது. அதற்குக் கீழே இன்னும் துரு இருந்தது. அதையும் தேய்த்தேன். கை அந்தப் பக்கம் போய்விட்டது. தேய்க்கத் தேய்க்க ஓட்டை வளர்ந்தது. உள்ளங்கை அளவில் இருந்தது தாம்பாளத் தட்டு அளவுக்கு வந்தபிறகுதான், இந்தக் காரில் துருதான் உடம்பு, இரும்பு வெறும் அழுக்கு என்று விளங்கியது. தேய்ப்பதை நிறுத்தினேன்.

வசந்தா வந்து எட்டிப் பார்த்தாள். “இன்னாண்ணா பண்றே, காருக்கு ஜாக்கெட் தைக்கிறியா?”

“போய் வேலையப் பாரு. இது ஒரு மாதிரி இன்ஜினியரிங்.”

“எந்த மாதிரி?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனாள்.

பீரோவின் அடித்தட்டில், கடைக்குப் போகாமல் ஒதுக்கிய புடவைகளை அப்பா போட்டு வைத்திருப்பார். அதில் அரக்குச் சிவப்பில், அகலமான ருத்ராட்சக் கரை போட்ட ஒன்று கிடைத்தது. பல வருஷமாக யாரும் தொடாத மடிப்பு. கத்தரிக்கோலை வைத்தேன். நகரமாட்டேன் என்றது. அவ்வளவு நெருக்கமான நெசவு. எனக்கு ஒரு மரியாதை வந்திருக்க வேண்டும். கத்தரிக்கோல் மேல் கோபம்தான் வந்தது. ஜரிகைக் கரை வந்த பாகத்தை, இடதுபக்கப் பின்சீட்டுக்கு முன்னால் இருந்த மிகப் பெரிய ஓட்டைக்கு ஒதுக்கினேன். ஜரிகையும் உலோகம், தகரமும் உலோகம், இனம் இனத்தோடு சேரும் என்பது என் விஞ்ஞானம். துணியின் ஓரங்களைச் சீட்டின் போல்ட்டுக்கு அடியிலும், கதவோரத்துத் தகட்டுப் பட்டைக்கு அடியிலும் செருகி முடுக்கினேன். மொத்தக் காரியத்திலும் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். முந்தானைப் பக்கத்தை டிக்கியில் இருந்த ஓட்டைக்கு ஒட்டினேன். மேலே, சன்னல் கம்பிக்கு அடித்ததில் மிச்சமிருந்த பச்சை பெயிண்ட்.

கீழ்ப்பக்கமும் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று கட்டுரை சொல்லியிருந்தது. காருக்கு அடியில் படுத்தேன். கண்ணில் ஏதோ விழுந்தது. சட்டையில் பெயிண்ட் டப்பா விழுந்தது. வெளியே வந்துவிட்டேன். கீழே யார் பார்க்கப் போகிறார்கள்?

காய்ந்ததும் தட்டிப் பார்த்தேன். தவில் மாதிரி ஒலித்தது. ஊருக்குத் திரும்பிய அப்பாவும் தட்டிப் பார்த்தார்.

“பாய் வந்தானா?”

“இல்லப்பா. நானே செஞ்சேன்.”

“எதுல?”

“ரெசின்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பெருமை இருந்தது. நான் பிறந்த நாளில் இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு அன்றைக்குத்தான். ரெசின் என்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை. அந்தப் பெருமையைக் கெடுக்கும் அளவுக்கு நானும் நேர்மையானவன் இல்லை. மேலே புது ரப்பர் மிதியடி விரித்தோம். உள்ளே, நீலப் பசை மிச்சமிருந்த இரும்பைச் சத்தமில்லாமல் தின்றுகொண்டிருந்தது.

அந்த நாள் வந்தது. முந்தின இரவெல்லாம் மழை. முள்ளிப்பட்டுக்குப் போகும்போது ஒரு தொல்லையும் இல்லை. ராஜாமணியம்மாள் தானே நெய்த மயில்கழுத்து நிறப் புடவையில், தாம்பூலத் தட்டுடன் வந்தார். கதவைத் திறந்து இடதுபக்கப் பின்சீட்டில் உட்காரவைத்தேன். மரியாதைக்குரிய இடம் அல்லவா! செருப்பை வீட்டிலேயே விட்டிருந்தார். மிதியடியைப் பார்த்ததும், “எனக்கு ரப்பர் ஆவாது தம்பி, கால் எரியும்” என்று அதைச் சுருட்டி ஓரமாகத் தள்ளிவிட்டு, பச்சைத் தரையில் பாதங்களை வைத்துக்கொண்டார். முன்சீட்டில் பையனின் அப்பா. அவர் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கு மட்டும் பேசினார், கெட்ட நேரம்.

திரும்பும் வழியில் ஏரி நிரம்பிக் கோடி போக ஆரம்பித்திருந்தது. தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நின்றால் இன்னும் ஏறும். முதல் கியரில் மெல்ல இறக்கினேன். அடியில் தண்ணீர் மோதும் சத்தம். அப்புறம், ஈர அட்டை கிழிகிற மாதிரி ஒரு சத்தம்.

“தம்பி, காலு சில்லுனு இருக்குது.”

“காத்துங்கம்மா.”

கார் இன்னும் கொஞ்சம் ஊர்ந்தது.

“காத்து ஈரமா இருக்குது.”

“மழைக்காலம் பாருங்க” என்றேன். விளக்கம் கொடுக்காதே என்று தங்கை சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது.

பாலத்தைத் தாண்டி மேட்டில் ஏறினோம்.

“தம்பி, ரோடு தெரியுது.”

பையனின் அப்பா திரும்பாமல் சொன்னார்: “எனக்குந்தான் தெரியுது.”

“உனக்குக் கண்ணாடி வழியாத் தெரியுது. எனக்குக் காலாண்ட தெரியுது!”

காரை நிறுத்தி, இறங்கி, பின்கதவைத் திறந்தேன். அந்தக் காட்சியை இன்றுவரை முழுசாக விவரிக்க எனக்குத் தெம்பு வரவில்லை. சுற்றியிருந்த தகரம் முழுவதும் கழன்று தண்ணீரோடு போய்விட்டிருந்தது. போல்ட்டுக்கும் கதவோரப் பட்டைக்கும் நடுவே பட்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது, குழந்தைக்குக் கட்டிய தூளி மாதிரி. அதற்குள் ராஜாமணியம்மாளின் இரண்டு பாதங்கள். கீழே ரோடு. பெயிண்ட் செதில் செதிலாக உரிய, மைதா கரைந்து வெள்ளையும் நீலமுமாக வழிய, கழுவிவிட்ட மாதிரி பளிச்சென்று ஜரிகைக் கரை.

“இன்னா இது?”

“ஒரு மாதிரி துணிங்க...”

“துணின்னு தெரியுது. யார் வீட்டுத் துணி?”

குனிந்தார். கரையை விரலால் தடவினார். ஓரத்தைப் புரட்டினார். அங்கே மயில்கழுத்து நிறத்தில் இரண்டு இழை ஓடியது. அரக்குப் புடவைக்கு அந்த நிறத்தில் என்ன வேலை என்று எனக்கே அப்போதுதான் தோன்றியது.

“இந்த ரெண்டு இழை நான் விடுறது” என்றார். “என் தறில எறங்கற பொடவ எல்லாத்துக்கும் விடுவேன். இது நான் நெய்ஞ்ச பொடவ. டேமேஜ்னு சொல்லி உங்கப்பா ஒதுக்கினாரே, அது. கடைசியா அவுருக்கு நெய்ஞ்சது.”

கத்தரிக்கோல் பிடித்த கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

“கட்டிக்கத்தான் லாயக்கு இல்லன்னாரு. மிதிக்க லாயக்கா?”

எங்கள் ஊரில் நெய்த துணிமேல் தவறிக் கால் பட்டுவிட்டால் உடனே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அது புடவை அல்ல, சாப்பாடு. அந்தம்மாள் மெதுவாக இரண்டு கால்களையும் வெளியே எடுத்தார். தொங்கும் பட்டுத் துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு சீட்டின்மேல் சம்மணம் போட்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, “வண்டிய எடு” என்றார்.

“திரும்பிப் போயிடலாமா?” என்றார் பையனின் அப்பா.

“உங்க வூட்டுக்குத்தான் எடு தம்பி. கேக்க வேண்டியது ஒண்ணு கீது.”

மீதி வழியில் நான் பின்னால் பார்க்கும் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. ஊருக்குள் நுழைந்ததும் பார்த்தவர்கள் எல்லாம், கோயில் உற்சவம் போல ஒரு அம்மாள் சீட்டின்மேல் சம்மணமிட்டுப் போவதைக் கண்டு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

வாசலில் அப்பா பன்னீர்ச் சொம்போடு நின்றிருந்தார். சன்னலில் வசந்தாவின் முகம். கதவைத் திறந்தேன். ராஜாமணியம்மாள் இறங்கவில்லை.

“வாங்க சம்பந்திம்மா, வாங்க!”

“சம்பந்தி அப்பால பாக்கலாம் மொதலாளி. நீங்க கொஞ்சம் உள்ள வாங்க.”

“நான் எதுக்கு உள்ள...?”

“கீழ பாருங்க.”

அப்பா குனிந்து பார்த்தார். பன்னீர்ச் சொம்பு கையில் கோணிக்கொண்டது. என்னைப் பார்த்தார். நான் பிறந்த நாளை அவர் நொந்துகொள்வது முகத்திலேயே தெரிந்தது.

“இது டேமேஜ்னு சொன்னீங்க” என்றார் அந்தம்மாள். “எந்த இடத்துல? காட்டுங்க. காட்டிட்டா எறங்கி வர்றேன், பொண்ணையும் பாக்குறேன், இத்தப் பத்தி இனிமே வாயே தெறக்கல. காட்டலன்னா இந்த வண்டியிலயே திரும்பிப் போயிட்றேன்.”

(இந்த வண்டியில் திரும்பிப் போகும் தைரியம் அவரைத் தவிர யாருக்கும் இருந்திருக்காது.)

அப்பா புது வேட்டியோடு ஈர ரோட்டில் முழங்கால் போட்டார். தலையைக் காருக்குள் விட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார், கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார். வெகுநேரம் தேடிவிட்டு, “முந்தாணி பக்கம்தான்... அங்கதான் இருந்திச்சு. அது இங்க இல்லியே” என்று தலையை வெளியே எடுக்கப் பார்த்தார்.

அவருக்கு உதவலாம் என்று நினைத்தேன். என் வாழ்க்கையின் பெரும்பாலான விபத்துகள் இந்த நினைப்பில் தொடங்கியவை.

“முந்தாணி டிக்கில கீதுப்பா” என்றேன்.

டிக்கியைத் திறந்தோம். இதற்குள் தெரு கூடிவிட்டது. எங்கள் தெருவில் நெசவு தெரியாதவன் நான் ஒருவன்தான். ஒருவர் டிக்கிக்குள் தலையை விட்டார். இன்னொருவர் பின்கதவுப் பக்கம். மூன்றாமவர் காருக்கு அடியிலேயே படுத்துவிட்டார். (நான் படுக்க முடியாத இடம்.) தகரம் இத்துப்போனதைப் பற்றி ஒருத்தராவது கவலைப்பட வேண்டுமே! கிடையாது.

“ஊடை ஒரே சீரா இருக்குதுப்பா.”

“கரையப் பாரு, கோடு கிழிச்ச மாதிரி.”

“அடியில இருந்து பாத்தாலும் சுத்தமா கீது!” என்றது காருக்குக் கீழிருந்து ஒரு குரல். “எவன்யா இதுக்கு மைதா பூசினது?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சன்னலில் இருந்த வசந்தா முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அழுகிறாளா என்று பார்த்தேன். அதைவிட மோசம், அவள் என்னைப் பார்க்கவே விரும்பவில்லை.

அப்பா எழுந்தார். வேட்டி முழுக்கச் சேறு. தெரு முழுக்கத் தன்னிடம் நெய்கிறவர்கள். அவர்கள் நடுவில் நின்றுகொண்டு மெல்லச் சொன்னார்: “டேமேஜ் இல்லீங்க. அன்னிக்கி கடைக்காரன் ஆர்டர் வேணாம்னுட்டான். அத்தச் சொல்றதுக்கு எனக்குக் கூச்சமா இருந்திச்சு. உங்க நெசவு மேல பழியப் போட்டுட்டேன்.”

டிக்கிக்குள் இருந்த தலை வெளியே வந்தது. காருக்கு அடியில் இருந்தவரும் தலையை வெளியே நீட்டினார்.

ராஜாமணியம்மாள் அப்பாவின் சேற்று வேட்டியைப் பார்த்தார். பிறகு சம்மணத்தைப் பிரித்தார். “இத அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா உங்க பையன் மைதா வாங்கின காசாவது மிச்சமாயிருக்கும்” என்றார். வலதுகாலை வெளியே வைத்து இறங்கி, காரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “உங்க இரும்பு போயிடுச்சு மொதலாளி. என் நெசவு நிக்குது. வாங்க, பொண்ணப் பாக்கலாம்.”

தட்டு மாற்றிக்கொண்டிருக்கும்போது வாசலில் மணி அடிக்கிற சத்தம். சைக்கிளில் காதர் பாய், பை நிறையச் சாமான்களோடு. “நாளைக்கு வர்றேன்னு சொன்னேனே, வந்துட்டேன்!” என்றார். காருக்குள் தலையை விட்டு, தொங்கும் பட்டுத் துணியை இழுத்து இழுத்துப் பார்த்து, “இது யார் போட்ட ஒட்டு? கழட்டவே வரலியே” என்று உள்ளே குரல் கொடுத்தார். என் வேலையை ஒரு தொழில்காரர் பாராட்டியது அன்றோடு சரி.

அடித்தகட்டை அறுத்து, புதுத் தகடு வைத்து, ரெட் ஆக்சைடு அடித்து, தார் பூசி, பாய் பிரமாதமாகத்தான் செய்தார். ஆனால் அப்பா அந்தக் காரில் அப்புறம் ஏறவில்லை. வாங்க வந்தவரிடம், தரை புதுசு என்று மட்டும் சொல்லி விற்றார். கல்யாணம் நடந்தது. கல்யாணப் புடவையை ராஜாமணியம்மாளே நெய்தார், எங்கள் அப்பா கொடுத்த பாவில். என்னைக் கல்யாண வேலை எதிலும் சேர்க்கவில்லை. பந்தியில் மோர் ஊற்றப் போனபோதுகூட, “நீ ஒக்காருப்பா, நாங்க பாத்துக்கறோம்” என்று சொம்பைப் பிடுங்கிக்கொண்டார்கள். பந்தலில் ஒரு கிழிசல் தெரிந்தபோது நான் மேலே பார்த்தேன். பார்த்ததற்கே மூன்று பேர் ஓடிவந்தார்கள்.

வசந்தாவுக்கு இப்போது கல்லூரி போகும் பிள்ளைகள். அந்த வீட்டில் எந்தப் பொருள் உடைந்தாலும், ஒழுகினாலும், “மாமாவக் கூப்பிடலாமா?” என்று ஒருவர் கேட்க, “வேணாம், வூட்டுல பட்டு இல்ல” என்று இன்னொருவர் சொல்ல வேண்டும். அது வீட்டுச் சட்டம்.

போன மாதம் நான் ஒரு புதுக் கார் வாங்கினேன். கம்பெனிக்காரர், துருவுக்கு எதிராக என்னென்ன பூச்சு பூசியிருக்கிறது என்று நீண்ட விளக்கம் கொடுத்தார். நான் பக்தியோடு கேட்டுக்கொண்டேன். முதல் சவாரிக்கு முள்ளிப்பட்டு போய் ராஜாமணியம்மாளை அழைத்தேன். இப்போது நன்றாக வயதாகிவிட்டது, கண்ணும் சரியாகத் தெரிவதில்லை. பேத்தி கையைப் பிடித்து ஏற்றிவிட, இடதுபக்கப் பின்சீட்டில் உட்கார்ந்தார். கால்களைக் கீழே வைக்கவில்லை. மெதுவாகத் தூக்கி, சீட்டின்மேல் சம்மணம் போட்டுக்கொண்டு, என் தோளைத் தட்டிக் கேட்டார்:

“தம்பி, இது யாரு நெசவு?”